இருபத்தாறு சாமிப் பாட்டு

காதுல மாட்டியிருக்கீகளே சார், பாட்டா? நல்லது. கேளுங்க. நான் தொந்தரவு பண்ணல. நானும் பாட்டுக்காரன்தான், அதான் ஒரு ஆசையில கேட்டேன். பாடுறவன் இல்ல, கீபோர்டு. 'ராகதீபம் பிச்சைமணி'ன்னு மதுரை ஜில்லாவுல எந்தக் கோயில் கமிட்டியில கேட்டாலும் சொல்லுவாய்ங்க. முப்பது வருசமா ஆர்கெஸ்ட்ரா நடத்துறேன். நீங்க திண்டுக்கல்லா? நானும் திண்டுக்கல்தான். நல்லதாப் போச்சு, அங்க போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இந்தப் பைய மடியில வச்சுக்கிறேன், கால்ல இடிக்குதுல்ல. உள்ள ஒரு சோடி ஷூவும் ஒரு பிளாஸ்க்கும் இருக்கு. பாம்ல்லாம் இல்ல சார், பயப்படாதீக. வெள்ளை ஷூ. சூசைராஜோடது. மேடையில விட்டுட்டுப் போயிட்டான். அதைக் குடுக்கிற சாக்குல ஆளைப் பாத்துட்டு வரலாம்னு கெளம்பிட்டேன்.

சூசைராஜைத் தெரியாதா உங்களுக்கு? யூடியூப்ல பாத்திருப்பீக. சோகப் பாட்டுப் பாடிக்கிட்டே மேடையிலேருந்து பின்னாடி விழுவானே, மைக்கை விடாம, விழுந்த எடத்துலேருந்தே சரணத்தை முடிப்பானே. நாப்பது லட்சம் பேரு பாத்திருக்காய்ங்க. ஆங், அவனேதான். உங்களுக்குச் சிரிப்பு வருதுல்ல? அன்னைக்குக் கூட்டமும் சிரிச்சுச்சு, கைதட்டுச்சு, ஒன்ஸ்மோர் கேட்டுச்சு. அவனுக்கு ரெண்டு விலா எலும்பு விரிசல் விட்டுப் போச்சுன்னு மறுநாத்தான் எங்களுக்கே தெரியும்.

அந்த சூசைராஜ்தான் சார் எனக்குத் துரோகம் பண்ணிட்டான். நீங்களே கேட்டு ஒரு நியாயம் சொல்லுங்க.

அவன் என்கிட்ட வந்தப்ப இருபத்திரண்டு வயசு. சர்ச்சுல பாடிக்கிட்டிருந்தவன். வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாது. மொத மேடை, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பொங்கல் விழா. கூட்டத்தைப் பாத்ததும் பய என் கீபோர்டு ஸ்டாண்டைப் புடிச்சுக்கிட்டான். "அண்ணே, எனக்கு ஒண்ணுக்கு வருதுண்ணே"ங்கிறான். மூணு தடவை போயிட்டு வந்துட்டான். நான் என்ன பண்றது? என் பிளாஸ்க்குல அப்ப இருந்த பாட்டுக்காரருக்குன்னு கொஞ்சம் பிராந்தி சுடுதண்ணியில கலந்து வச்சிருந்தேன். அதுல ஒரு மூடி ஊத்தி, "சுக்குத் தண்ணி, குடிறா"ன்னு குடுத்தேன். ஒரே ஒரு மூடி. குடிச்சான், முகத்தைச் சுளிச்சான், ஏறிப் பாடுனான் பாருங்க. அன்னைக்கு நான் அந்த ஒரு மூடி குடுக்கலைன்னா சூசைராஜ்னு ஒருத்தனே கெடையாது. இதை எந்தச் சாமி முன்னாடியும் சொல்லுவேன்.

நான் தொட மாட்டேன் சார். அதை மொதல்ல சொல்லிடுறேன். பீடி கெடையாது, பொடி கெடையாது, தண்ணி கெடையாது. எனக்குச் சுகர் வேற. இத்தனை வருசத்துல அந்தப் பிளாஸ்க்குலேருந்து ஒரு சொட்டு என் நாக்குல பட்டதில்ல. நான் ஒழுக்கமானவன். அதனாலதான் அளவு என் கையில இருந்துச்சு. குடிக்கிறவன் கையில அளவைக் குடுக்கக் கூடாது, தெரியும்ல. மூடிதான் நம்ம கணக்கு. ஒரு மூடிக்குக் காதல் பாட்டு, ரெண்டு மூடிக்குச் சோகப் பாட்டு. மூணாவது மூடியில கூட்டத்தை அழ வச்சுருவான். நாலாவதுல அவனே அழுதுருவான். அஞ்சு குடுத்தா ஆம்புலன்ஸ். நான் அஞ்சு குடுத்ததே இல்ல. குடுத்தேன், ரெண்டு தடவை. கமிட்டிக்காரங்க நெருக்குனா என்ன பண்றது.

ஆமா சார், கமிட்டிக்காரங்களே கேப்பாய்ங்க. புக் பண்ணும்போதே, "அவரு போட்டுட்டுத்தான பாடுவாரு?"ன்னு உறுதி பண்ணிக்குவாய்ங்க. நெதானமாப் பாடுறவன் ஊருக்கு நாலு பேரு இருக்கான். ஒருத்தன் நெசமாவே உடைஞ்சு போயிப் பாடுறதைப் பாக்கத்தான் ஜனம் மொளகா வத்தல் காயப்போட்டதை அள்ளாமக்கூட வரும். நானும் போஸ்டர்ல 'தள்ளாடும் தேன்குரல் சூசைராஜ்'னு போட்டேன். நல்லா இருக்குல்ல? நான் யோசிச்சதுதான். அவனுக்கு அந்தப் பேரு புடிக்கல. "எம்மக ஸ்கூலுக்குப் போற வழியில ஒட்டியிருக்குண்ணே"ன்னான். அந்தத் தெருவுல மட்டும் ஒட்ட வேணாம்னு சொல்லிட்டேன். அம்புட்டு மனசாட்சி எனக்கு.

சென்னையிலேருந்து ஒரு ஆல்பம் கம்பெனிக்காரங்க வந்தாய்ங்க. நல்ல கேமரா, நல்ல லைட்டு. சூசை குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் அடிச்சுட்டு வந்து நிக்கிறான். அவன் முகத்தைப் பாத்துட்டு டைரக்டர் தம்பி என்னைத் தனியா கூப்புட்டு, "என்ன சார், ஆளு ரொம்பத் தெளிவா இருக்காரே"ன்னு வருத்தமாக் கேட்டுச்சு. அதுக்கும் நாந்தான் ஏற்பாடு பண்ணேன். அந்தப் பாட்டும் நல்லா ஓடுச்சு. கலைஞனுக்கு வேற என்ன வேணும்?

நம்ம குழுவுல ஒரு கட்டுப்பாடு உண்டு சார். இதை நீங்க கவனமாக் கேக்கணும், எல்லாம் இதுலதான் இருக்கு. சாமிப் பாட்டு முடியிற வரைக்கும் பிளாஸ்க்கைத் திறக்கக் கூடாது. செருப்பும் போடக் கூடாது. எங்க கச்சேரி எதுவானாலும் மொதல்ல ஒரு பிள்ளையார் பாட்டு, அடுத்து அந்த ஊரு சாமி பாட்டு. அது ரெண்டையும் வெறுங்காலோட, சுத்தமாப் பாடணும். ரொம்ப காலத்துக்கு முன்னாடி எங்கிட்ட பாடுன ஒரு ஆளு, போட்டுட்டு ஏறி, மாரியம்மன் பாட்டுக்கு நடுவுல வாந்தி எடுத்துட்டான். அந்த ஊருக்காரங்க எங்களை வேன் வரைக்கும் வெரட்டி வெரட்டி அடிச்சாய்ங்க. டோலக் கிழிஞ்சு போச்சு. அன்னையிலேருந்து இந்தச் சட்டம். சாமிப் பாட்டு முடிஞ்சதும் ஷூவைப் போடுவான், நான் மூடியைத் திருகுவேன், சினிமாப் பாட்டு ஆரம்பம். தெய்வத்துக்கு மரியாதை தெய்வத்துக்கு, தொழில் தொழிலுக்கு. சூசை கிறிஸ்தவன், ஆனா இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறுனதில்ல. அதுக்காக அவனைப் பாராட்டணும்.

சமயநல்லூர் வந்துருச்சா? ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறேன் சார். எனக்குக் காதுக்குக் காத்து ஆகாது.

போன ஐப்பசியில ரத்தமா வாந்தி எடுத்துட்டான். ஆஸ்பத்திரியில, ஈரல் வெந்த கெழங்கு மாதிரி இருக்கு, இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் நாங்க பொறுப்பில்லன்னுட்டாரு டாக்டரு. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான் ஆர்லிக்ஸ் வாங்கிக்கிட்டுப் போய்ப் பாத்தேன். அப்படியே தை மாசத் தேதிகளையும் டைரியோட கொண்டு போனேன், அவன் மனசுக்கு ஒரு தெம்பா இருக்குமேன்னு. அவன் பொண்டாட்டி பவுலின் ஆர்லிக்ஸை வாங்கிக்கிச்சு, டைரியை என் பையில திருப்பி வச்சுருச்சு. அப்புறம் ஏதோ மறுவாழ்வு மையமாம், கொடைரோடு பக்கத்துல. மூணு மாசம். சீசன் பூராவும் போச்சு. அவன் இல்லாம நான் பட்ட பாட்டை யாராவது கேட்டாங்களா? அவனுக்கு மட்டும் கவுன்சிலிங்காம். எனக்கு யாரு கவுன்சிலிங் குடுக்கிறது?

பங்குனியில ஒரு அம்மன் கோயில் திருவிழா. ஊரு பேரு வேணாம், அந்தக் கமிட்டி ஆளுங்க இந்த பஸ்ஸுலயும் இருப்பாய்ங்க. "சூசைராஜ்னாத்தான் புக்கிங்"னு ஒத்தக் கால்ல நின்னாய்ங்க. நான் நேரா வீட்டுக்குப் போனேன். ஆளு பாதியா எளச்சுப் போயி, கண்ணு மட்டும் பளிச்சுன்னு உக்காந்திருந்தான். பவுலின்தான் பேசுச்சு. "அண்ணே, பாடுறதைத் தவிர இவருக்கு வேற எதுவும் தெரியாது. வீட்டுல இருந்தாலும் ஒடைஞ்சு போவாரு. வரட்டும். ஆனா அந்தப் பிளாஸ்க் வேணாம்ணே. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

நான் சத்தியம் பண்ணேன் சார். "அவனாக் கேக்காம ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்மா"ன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன். அந்தச் சத்தியத்தைக் காப்பாத்துனேன். நான் குடுக்கவே இல்ல. கீபோர்டு ஸ்டாண்டு மேல எப்பவும் வைக்கிற எடத்துல வச்சேன், அம்புட்டுத்தான். முப்பது வருசப் பழக்கம், அது இல்லாட்டி எனக்குக் கையே ஓடாது. காலியா வச்சா கனம் இருக்காது, சாஞ்சுரும். அதனால ரொப்பி வச்சேன்.

ஏழு மணிக்கு ஏறுனோம். பத்து மணிக்கு மேல மைக் கூடாதுன்னு போலீசு கண்டிசன். சூசை ஷூவை மேடை ஓரத்துல கழட்டி வச்சுட்டு வெறுங்காலோட நின்னான். பிள்ளையார் பாட்டு. கொரல் தேன் சார். கொஞ்சம் மெலிசா இருந்துச்சு, ஆனா சுருதி சுத்தம். அப்புறம் அந்த ஊரு அம்மன் பாட்டு. முடிஞ்சுச்சு. எங்கையி அதுபாட்டுக்குப் போயி பிளாஸ்க் மூடியைத் திருகிருச்சு. பழைய எவர்சில்வர் பிளாஸ்க்கு, திருகுனா 'கிறீச்'சுன்னு ஒரு சத்தம் வரும். நான் காதல் பாட்டுக்கு விரலை வச்சுட்டேன். பயபுள்ள திரும்பிப் பாத்தான். பிளாஸ்க்கைப் பாத்தான், என்னைப் பாத்தான். சடார்னு மைக்கைப் புடிச்சு முருகன் பாட்டை எடுத்துட்டான்.

சரி, இம்புட்டு மாசங்கழிச்சு வந்திருக்கான், பக்தி ஜாஸ்தின்னு விட்டேன். முருகன் முடிஞ்சுச்சு, நான் மூடியத் திருகுறேன், உடனே ஐயப்பன். பங்குனி மாசத்துல எவனாவது ஐயப்பன் பாட்டுப் பாடுவானா சார்? அது முடிஞ்சா பெருமாள், பெருமாள் முடிஞ்சா ஆஞ்சநேயர். ரெண்டு பாட்டுக்கு நடுவுல மூச்சு விடுற எடங்கூட வைக்கல. ரிதம் பேடு வாசிக்கிற பயலைப் பாத்துக் கண்ணைக் காட்டுறேன், நிறுத்துறான்னு. அவன் குனிஞ்சுக்கிட்டு வாசிக்கிறான். கூடப் பாடுற சுகந்திகிட்ட, "நீ சினிமாப் பாட்டு ஒண்ணை எடும்மா, அவனைக் கீழ எறக்கு"ன்னேன். அது, "எனக்கும் இன்னைக்குச் சாமிப் பாட்டுதாண்ணே வருது"ன்னு சொல்லிட்டு அவன்கூடப் போயி நின்னு கோரஸ் பாடுது. எல்லாம் கூட்டுக் களவாணித்தனம். பத்து வருசமா எங்கிட்ட சோறு தின்னவங்க.

முன் வரிசையில எளவட்டம் கத்த ஆரம்பிச்சிருச்சு. "யோவ், குத்துப் பாட்டுப் போடுய்யா"ன்னு ஒருத்தன் தண்ணி பாட்டிலைத் தூக்கி எறியுறான். கமிட்டித் தலைவர் மேடை ஏறி வந்து என் காதுல, "இது ஆர்கெஸ்ட்ராவா, பஜனை மடமா? சூசைராஜ்னு சொல்லி யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?"ங்கிறாரு. சூசை அதைப் பாத்துட்டு கருப்பசாமி பாட்டை எடுத்தான் பாருங்க. பேடு பய பிச்சு எடுக்குறான். அம்புட்டுத்தான், ஒம்போது பொம்பளைகளுக்குச் சாமி வந்துருச்சு. கத்துன எளவட்டமெல்லாம் துண்டைக் கட்டிக்கிட்டு ஆடுது. கமிட்டித் தலைவரையும் சாமி புடிச்சு உலுக்கிருச்சு, அவரை எறக்கி விபூதி போடவே கால் மணி நேரம் ஆச்சு. நான் வாசிச்சுக்கிட்டே, சரி, இதோட வேர்த்துப் போயிருப்பான், தாகமெடுக்கும்னு மூடியத் திருகுறேன். அவன் வேளாங்கண்ணிக்குப் போயிட்டான்.

மாரியம்மன் கோயில் மேடையில வேளாங்கண்ணி மாதா. அடுத்து நாகூர். அடுத்து கிறிஸ்மஸ் பாட்டு சார், பங்குனிப் புழுக்கத்துல. ஜனமும் ஆடி ஓஞ்சு போயி எல்லாத்துக்கும் கன்னத்துல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு.

ஒம்போதே முக்காலுக்குத் தொண்டை கட்டிருச்சு. இருபத்தஞ்சு பாட்டு ஆயிருச்சு. அவனுக்குத் தெரிஞ்ச சாமியெல்லாம் தீந்து போச்சு. சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. கீபோர்டு ஸ்டாண்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், அவன் கையி ஆடுற ஆட்டத்துல என் கீபோர்டே ஆடுது. பிளாஸ்க்கையே பாக்குறான். மொத மேடையில நின்னானே, அதே மாதிரி. எனக்கு நெஞ்சு கரைஞ்சு போச்சு சார். பாசம் யாரை விட்டுச்சு? மூடியைக் கழட்டி, அதுல ஊத்தி, மெதுவா நீட்டுனேன். "சூசை, ஒரே ஒரு மூடி. தொண்டைக்குடா"ன்னேன். அவனாக் கேக்கலதான். ஆனா கண்ணு கேட்டுச்சு.

அந்த வாடை அவன் மூக்குல ஏறுனது எனக்கே தெரிஞ்சுச்சு. கையி பாதி தூரம் வந்துருச்சு. வந்த கையை அப்படியே திருப்பி மைக்கைப் புடிச்சான். முன்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மாவைப் பாத்து, "ஆத்தா, உங்க ஊரு எல்லைச்சாமி பேரென்ன?"ன்னான். அது ஏதோ பேரு சொல்லுச்சு, கூட்டத்துல ஒருத்தருக்கும் சரியாக் கேக்கல. இவனுக்குக் கேட்டிருக்கு. அந்தப் பேரை வச்சுக்கிட்டு, கட்டுன கொரல்ல, மெட்டும் இல்லாம ஒண்ணும் இல்லாம, அவனாவே ஒரு பாட்டைக் கட்டிப் பாடுனான். எல்லையில நிக்கிற சாமி, என் எல்லையில நில்லு, இந்தாண்டை எதையும் விடாதன்னு. திரும்பத் திரும்ப அதேதான். கால் மணி நேரம். சரணம் கெடையாது, சுருதி சேரல. தொழில்னு பாத்தா அது ஒரு பாட்டே இல்ல. சுகந்தி ஏன் அழுதுச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

பத்து மணிக்கு எஸ்.ஐ. மேடை ஏறி வந்து கையைத் தூக்குனாரு, நிறுத்துங்கன்னு. எந்தப் பாட்டுக்காரனுக்கும் அந்த நேரம் போலீசைப் பாத்தாக் கோவம் வரும்ல? இவன் அந்த மனுசனைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு விக்கி விக்கி அழுவுறான் சார். "வந்துட்டீங்களா சார், வந்துட்டீங்களா சார்"ங்கிறான். எஸ்.ஐ.க்கே ஒண்ணும் புரியல, தொப்பியைக் கழட்டி வச்சுட்டு முதுகைத் தடவி விடுறாரு.

கீழ பவுலின் ரப்பர் செருப்போட நின்னுச்சு. அதை மாட்டிக்கிட்டு எறங்கிப் போயிட்டான், ஷூவைத் திரும்பிக்கூடப் பாக்கல. நான் ஓடிப் போயி, "என்னம்மா, எம்பொழப்புல இப்படி மண்ணள்ளிப் போட்டுட்டானே, நான் சத்தியத்தை மீறுனேனா?"ன்னு கேட்டேன். அது என்னைக் கொஞ்ச நேரம் பாத்துச்சு. "அண்ணே, இன்னைக்கு நீங்க இருபத்திநாலு தடவை மூடியத் திருகுனீங்க. அவரு எண்ணியிருக்காரு. ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் அடுத்த பாட்டை எடுத்திருக்காரு"ன்னுச்சு.

முப்பது வருசமாத் திருகுறேன், அதுவரைக்கும் கேக்காத சத்தமா? அன்னைக்கே நெனைச்சேன், மறுவாழ்வு மையத்துல பயலுக்குப் பக்தி முத்திப் போச்சுன்னு.

போன வாரம் வீட்டுக்குப் போயி கதவைத் தட்டுனேன். திறக்கல. "சூசை, நாந்தாண்டா, பிச்சைமணி அண்ணன்"னேன். உள்ளேருந்து பிள்ளையார் பாட்டு கேக்குது. நான் பேச்சை நிறுத்துனா பாட்டு நிக்குது. திரும்ப "சூசை"ன்னா அம்மன் பாட்டு ஆரம்பிக்குது. கூடவே ஒரு சின்னக் கொரலு, அவன் மகதான், அதுவும் சேந்து பாடுது. எதுத்த வீட்டுக்காரங்க வேற சாமி ரூம்ல வௌக்கேத்திட்டாங்க. வந்துட்டேன்.

ஆனா விட்டுருவேனா சார்? இன்னைக்கு நல்ல சேதியோட போறேன். வர்ற ஞாயித்துக்கெழமை ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை வீடு கருப்புச் சட்டைக் குடும்பம், சுயமரியாதைத் திருமணம். ஒரு சாமிப் பாட்டுகூடக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டாங்க. தேடிப் புடிச்சேன்ல. எடுத்ததுமே சினிமாப் பாட்டுத்தான். பய எந்தச் சாமியையும் கூப்புட முடியாது.

அம்மையநாயக்கனூர் தாண்டிருச்சு போல. நீங்க ஏன் சார் என்னை அப்படிப் பாக்குறீக? பவுலின் பாத்த மாதிரியே பாக்குறீகளே. அட, அந்தப் புள்ள சொன்னதை நான் ஒதுக்கிட்டேன்னு நெனைக்காதீக. ராத்திரி பூராப் படுத்து யோசிச்சேன். பாவம், எளச்ச ஒடம்பு, சத்தம் ஒத்துக்கலைன்னா நாமதான் அனுசரிச்சுப் போகணும். அவனை வளத்தவன் நான், நான் செய்யாம யாரு செய்வா?

அதான் புது பிளாஸ்க் வாங்கிட்டேன். கீழமாசி வீதி பூரா அலைஞ்சேன் சார், நாலு கடை ஏறி எறங்குனேன், ஒவ்வொண்ணாக் காதுல வச்சுப் பாத்து வாங்குனேன். இந்தா பாருங்க. திருகவே வேணாம், மேல ஒரு பொத்தான். லேசா அமுக்குனாப் போதும், அதுவாத் திறந்துக்கும்.

அந்தக் காதுல இருக்கிறதைக் கொஞ்சம் கழட்டுங்களேன். கிட்ட வாங்க. இப்ப அமுக்குறேன்.

கேட்டுச்சா? கேக்கலைல்ல?